எண்ணூரிலிருந்து பார்க்கும்போது: சூழல் நீதி, காலநிலை மாற்றம், நகரத் திட்டமிடல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சூழல் நீதி என்றால் என்ன? சுற்றுச்சூழல் பாதுகாப்பைத்தான் அப்படிச் சொல்கிறார்களா?

இரண்டும் உறவுதான், ஆனால் ஒன்றில்லை. ஆறு சுத்தமாக இருக்க வேண்டும், காடு அழியக் கூடாது என்பது சுற்றுச்சூழல் பாதுகாப்பு. அழுக்கு யார் வீட்டு வாசலில் போய் விழுகிறது, அதனால் வரும் லாபம் யார் கைக்குப் போகிறது, அதை முடிவு செய்த அறையில் யார் இருந்தார்கள் என்று கேட்பது சூழல் நீதி. ஒரு நகரம் மொத்தத்தில் பசுமையாக இருக்கலாம். அதன் ஒரு மூலையில் மட்டும் குப்பை மேடும் புகைபோக்கியும் குவிந்திருந்தால் அங்கே நீதி இல்லை.

இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் வாரன் கவுன்டி என்று ஒரு மாவட்டம். கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஏழை மாவட்டம். 1982-இல் பிசிபி என்ற நச்சு வேதிப்பொருள் கலந்த மண்ணை லாரி லாரியாகக் கொண்டுவந்து அங்கே புதைக்க அரசு முடிவு செய்தது. மக்கள் சாலையில் படுத்து லாரிகளை மறித்தார்கள். 500-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். அந்த மண் புதைக்கப்படுவதை அவர்களால் தடுக்க முடியவில்லை. ஆனால் நச்சுக் கழிவு எப்போதும் ஏன் எங்கள் ஊருக்கே வருகிறது என்ற அவர்களுடைய கேள்வி நாடு முழுக்கப் பரவியது. 1987-இல் வந்த ஓர் ஆய்வு, அபாயக் கழிவுக் கிடங்குகள் எங்கே அமைகின்றன என்பதற்கும் அங்கு வாழ்பவர்களின் இனத்துக்கும் நேரடித் தொடர்பு இருப்பதைக் காட்டியது. 1991-இல் வாஷிங்டனில் கூடிய மாநாடு சூழல் நீதிக்கான 17 கோட்பாடுகளை வகுத்தது.

நம் ஊரிலும் இதற்கு ஒரு வரலாறு உண்டு. பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் கிணறும் நிலமும் கெட்டுப்போக, வேலூர் மாவட்ட மக்கள் அமைப்பு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போனது. 1996-இல் வந்த தீர்ப்பு இரண்டு கோட்பாடுகளை இந்தியச் சட்டத்தின் பகுதியாகவே ஆக்கியது. தீங்கு வரும் என்று தெரிந்தால் முழு நிரூபணத்துக்குக் காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்பது ஒன்று. மாசு செய்தவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்பது மற்றொன்று. இன்று இந்தியாவின் பல சூழல் வழக்குகளில் வேலூரின் பெயர் இருக்கும்.

எண்ணூரை ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்? அங்கே என்ன நடந்தது?

இந்தப் பக்கமே எண்ணூரைச் சுற்றித்தான் என்பதால் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

வடசென்னையில் கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம் எண்ணூர் கழிமுகம். பக்கிங்காம் கால்வாயும் அங்கேதான் வந்து கலக்கிறது. நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலக்கும் இடத்தில் இறாலும் நண்டும் மடவையும் பெருகும். முகத்துவாரக்குப்பம், காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம் போன்ற ஊர்கள் தலைமுறை தலைமுறையாக அந்த ஆற்றை நம்பி வாழ்பவை. படகும் வலையும் இல்லாமல், இடுப்பளவு தண்ணீரில் இறங்கிச் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களும் உண்டு.

1970-இல் எண்ணூர் அனல் மின் நிலையம் ஓடத் தொடங்கியது. பிறகு வடசென்னை அனல் மின் நிலையம் கட்டம் கட்டமாக வளர்ந்தது. வல்லூரில் 1,500 மெகாவாட் நிலையம் வந்தது. 2001-இல் எண்ணூர்த் துறைமுகம், பிறகு அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம். தெற்கே மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, பெட்ரோ கெமிக்கல் ஆலைகள். அனல் மின் நிலையச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே சாம்பல் குட்டைக்கு அனுப்புகிறார்கள். அந்தக் குழாய்கள் ஆண்டுக்கணக்கில் வழியெல்லாம் ஒழுகின. ஆழமாக இருந்த ஆறு சாம்பல் படிந்து மேடாகிப்போனது. சாம்பல் குட்டையை ஒட்டிய செப்பாக்கத்தில் காற்றடித்தால் வீட்டுக்குள் சாம்பல். இயந்திரங்களைக் குளிர்வித்த வெந்நீர் கழிமுகத்தில் விழுகிறது.

மீனவர்கள் மனு கொடுத்தார்கள், ஆற்றில் இறங்கிப் போராடினார்கள், வழக்கும் போட்டார்கள். 2022 ஜூலையில், சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு, சாம்பல் மாசுக்கு மின் வாரியமே பொறுப்பு என்று சொல்லி, சதுப்பு நிலத்தை மீட்க உத்தரவிட்டது.

அடுத்த ஆண்டே, 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியின் சிபிசிஎல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் வெளியேறி, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகம் முழுவதும் பரவியது. வீட்டுச் சுவர், படகு, வலை, அலையாத்தி மரம், கூழைக்கடாவின் சிறகு, எல்லாவற்றிலும் கறுப்புப் பிசின். மீனவர்களே படகில் போய் கையால் எண்ணெயை வாரிப் பீப்பாய்களில் நிரப்பினார்கள். அந்த மாதம் முடிவதற்குள், டிசம்பர் 26 நள்ளிரவில், பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மூச்சுத் திணறிய மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் தெருவில் ஓடினார்கள்.

இத்தோடு 'காக்கா ஆழி' என்று மீனவர்கள் அழைக்கும் ஓர் அயல் மட்டி ஆற்றின் அடியில் பாய்போல் படர்ந்து, இறால் வாழும் சேற்றை மூடிக்கொண்டிருக்கிறது. அதன் தாயகம் தென் அமெரிக்கக் கரை. கப்பல்கள் சாயாமல் இருக்கச் சுமந்து வரும் சமநிலைத் தண்ணீரில் வந்திருக்க வேண்டும் என்று சந்தேகிக்கிறார்கள்.

ஆலைகளுக்கு ஏற்ற இடம் என்பதால்தானே அங்கே வைத்தார்கள்?

துறைமுகம் கடலோரத்தில்தான் வர முடியும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு துறைமுகம், ஒரு மின் நிலையத்துக்குப் பக்கத்திலேயே அடுத்த மின் நிலையம் என்று ஏன் குவிய வேண்டும்? ஏற்கெனவே கெட்டுப்போன இடம்தானே, இன்னும் ஒன்று வந்தால் என்ன ஆகிவிடும் என்ற நினைப்புதான் காரணம். ஒவ்வொரு திட்டத்தையும் தனித்தனியாக எடுத்து அனுமதி கொடுக்கிறார்கள். ஒரு புகைபோக்கி மட்டும் என்றால் கணக்கில் வரம்புக்குள் இருக்கும். எல்லாப் புகையையும் சேர்த்து மூச்சில் இழுப்பவர் அந்தக் கணக்கில் எங்குமே வருவதில்லை.

அதோடு, இதெல்லாம் தற்செயலாகவும் நடக்கவில்லை. நகரத்தின் முழுமைத் திட்டம், அதாவது மாஸ்டர் பிளான், எந்த நிலத்தில் என்ன வரலாம் என்று வரைபடத்தில் வண்ணம் பூசிக் காட்டும் ஆவணம். எந்தப் பகுதிக்குப் பூங்காவின் பச்சை, எந்தப் பகுதிக்கு அபாயத் தொழிலின் வண்ணம் என்பதை மனிதர்கள் உட்கார்ந்துதான் முடிவு செய்கிறார்கள். தண்ணீர் போகும் வழி என்று பழைய கடலோர வரைபடம் காட்டும் இடத்தில், புதிய வரைபடம் தொழிற்சாலையைக் காட்டினால் அநீதி அங்கேயே தொடங்கிவிடுகிறது. ஆலை பிறகுதான் வருகிறது.

இதில் காலநிலை மாற்றம் எங்கே வருகிறது?

மூன்று வழிகளில் வருகிறது.

முதலாவது, நிலக்கரி எரிக்கப்படும் இடம் இது. உலகத்தைச் சூடாக்கும் அதே புகைபோக்கிதான் எண்ணூர்க் குழந்தையின் நுரையீரலையும் கெடுக்கிறது. இரண்டாவது, புயலும் பெருமழையும் கடுமையாகும்போது, ஏற்கெனவே இருக்கும் ஆபத்துகள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்கின்றன. மிக்ஜாம் சமயத்தில் நடந்தது அதுதான். வெறும் வெள்ளமாக வந்திருந்தால் வடிந்திருக்கும். எண்ணெயோடு வந்ததால் ஆற்றையே நாசமாக்கிவிட்டுப் போனது. மூன்றாவது, கழிமுகமும் சதுப்பும் நகரத்தின் வெள்ளத்தை வாங்கிக் கடலுக்கு அனுப்பும் வடிகால்கள். அதைச் சாம்பலாலும் மண்ணாலும் மேடாக்கிவிட்டால், மேலே பூண்டி ஏரியிலிருந்து திறக்கும் உபரி நீர் எங்கே போகும்? மணலியிலும் எர்ணாவூரிலும் வீடுகளுக்குள்தான் போகும்.

பன்னாட்டுக் காலநிலை அறிவியல் குழுவின் ஆறாவது அறிக்கை, பூமியின் சராசரி வெப்பம் ஏற்கெனவே 1.1 டிகிரி உயர்ந்துவிட்டது என்கிறது. 330 கோடி முதல் 360 கோடி மக்கள் மிகவும் பாதிக்கப்படக்கூடிய சூழலில் வாழ்கிறார்கள். 2010 முதல் 2020 வரை வெள்ளம், வறட்சி, புயல் ஆகியவற்றால் நேர்ந்த சாவு விகிதம், பாதுகாப்பான பகுதிகளைவிட இந்தப் பகுதிகளில் 15 மடங்கு அதிகம். மறுபக்கத்தில், வீட்டு நுகர்வால் வரும் உமிழ்வில் 34 முதல் 45 விழுக்காடு வரை உலகின் மேல்தட்டுப் பத்து விழுக்காட்டுக் குடும்பங்களிடமிருந்து வருகிறது. புகையை விட்டவர் ஒருவர், மூச்சு முட்டுபவர் வேறொருவர்.

வெயில் எல்லோருக்கும் ஒன்றுதானே?

வானத்தில் ஒன்றுதான். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே அது வேறு வெயில். சென்னையின் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். வயலிலும் செங்கல் சூளையிலும் உப்பளத்திலும் கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கரு கலைவதும் குழந்தை இறந்து பிறப்பதும் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று 2024-இல் வெளியான முடிவு சொன்னது. அந்த ஆண்டே தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. நல்ல முடிவு. ஆனால் நிழலும் தண்ணீரும் கழிவறையும் வேலை செய்யும் இடத்துக்கு வந்தால்தான் அந்தப் பெண்ணுக்குப் பயன். இறந்த பிறகு வரும் நிதி அவளுக்கு உதவாது.

ஆற்றோரம் இருப்பவர்களுக்கு வேறு இடத்தில் வீடு தருவது நல்லதுதானே? வெள்ளத்திலிருந்து காப்பாற்றத்தானே?

காரணம் சரியாகத்தான் கேட்கிறது. வீடு எங்கே கொடுத்தார்கள் என்று பாருங்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளிலிருந்து அகற்றப்பட்ட ஏராளமான குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. பெரும்பாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி. தென்சென்னையின் வெள்ளம் வந்து தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாக வடியும் பாதை அது. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி இன்னொரு வெள்ளக்காட்டில் குடியேற்றினார்கள். அதற்கு முன்பே, 2000 முதல், கண்ணகி நகரும் பிறகு செம்மஞ்சேரியும் இதே போல உருவானவைதான்.

அதோடு தூரம். சிந்தாதிரிப்பேட்டையில் வீட்டு வேலைக்கும் சுமை தூக்கவும் நடந்தே போய்வந்தவர்களுக்குத் திடீரென்று வேலை 20 கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டது. பஸ்ஸுக்குக் காசு, நேரம், பாதியில் நின்ற பிள்ளைகளின் படிப்பு. 'கண்ணகி நகர்' என்று முகவரி சொன்னாலே வேலை தர யோசிக்கிறார்கள் என்பது அங்குள்ள இளைஞர்களின் நீண்ட நாள் வேதனை.

அதே நீர்நிலைகளையும் சதுப்பையும் ஒட்டி எழுந்த பெரிய கட்டடங்களுக்கு இந்தக் கண்டிப்பு வந்ததில்லை. ஆக்கிரமிப்பு என்ற சொல் குடிசையைப் பார்த்து மட்டும் எழும்பினால், அதைக் காலநிலைத் தகவமைப்பு என்று என்னால் ஏற்க முடியாது. இடம் மாற்றியே ஆக வேண்டிய நிலை சில இடங்களில் உண்டு. அப்போதும் பழைய இடத்துக்குப் பக்கத்தில், அந்த மக்களைக் கேட்டு, பள்ளி ஆண்டின் நடுவில் இல்லாமல் செய்ய வேண்டும்.

மின்சாரமும் வேலையும் வேண்டாமா? வளர்ச்சியே கூடாது என்கிறீர்களா?

வேண்டும். மீன்பிடிப்பதும் வேலைதான் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ஒரு திட்டம் 1,000 பேருக்கு வேலை தரும் என்று அறிக்கையில் எழுதுகிறார்கள். அதே திட்டத்தால் ஆற்றில் பிழைப்பை இழக்கும் மீனவர், வலை பின்னுபவர், கூடை சுமந்து மீன் விற்கும் பெண் ஆகியோரைக் கழித்துப் பார்ப்பதில்லை. அங்கே உற்பத்தியாகும் மின்சாரம் மாநிலம் முழுமைக்கும் போகிறது. சாம்பலின் சுமை அங்கேயே தங்குகிறது. இந்தப் பங்கீட்டைத்தான் மாற்றச் சொல்கிறோம்.

சூரிய மின்சாரம், காற்றாலை வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

புகை குறையும், அது பெரிய விஷயம். ஆனால் நீதி தானாக வராது. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின் பூங்கா ஏறத்தாழ 2,500 ஏக்கரில் வந்தது. இவ்வளவு நிலம் ஒரே வேலிக்குள் போகும்போது பட்டா வைத்திருப்பவருக்கு விலை கிடைக்கும். ஆடு மேய்த்தவருக்கும் அந்த நிலத்தில் கூலிக்குப் போனவருக்கும் எந்தத் தாளிலும் பெயர் இல்லை. இதை ஈடுகட்ட வழிகள் உண்டு. நிலத்தை வாங்காமல் குத்தகைக்கு எடுப்பது, கிராமத்துக்கு வருமானத்தில் பங்கு தருவது, மேய்ச்சலுக்கு இடம் விடுவது, கட்டடக் கூரைகளை முதலில் பயன்படுத்துவது என்று பல. அனல் மின் நிலையம் மூடும்போது அங்கே வேலை செய்த ஒப்பந்தத் தொழிலாளியின் கதி என்ன என்பதும் இதே கேள்வியின் பகுதி.

எண்ணூரிலேயே பாருங்கள். பழைய மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டபோது ஊர் கொஞ்சம் மூச்சு விட்டது. அதே இடத்தில் 660 மெகாவாட் நிலக்கரி நிலையம் கட்டும் திட்டத்துக்கு 2024 டிசம்பரில் எர்ணாவூரில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. மக்கள் திரண்டு எதிர்த்தார்கள்.

நிவாரணம் கொடுத்தார்களே, அது போதாதா?

எண்ணெய்க் கசிவுக்குப் பிறகு பாதிக்கப்பட்ட மீனவர் குடும்பங்களுக்கு 12,500 ரூபாயும், படகுகளைச் சரிசெய்யப் படகுக்கு 10,000 ரூபாயும் அரசு அறிவித்தது. மாதக் கணக்கில் மீன் விற்காமல் போன குடும்பத்துக்கு அந்தத் தொகை எத்தனை நாள் வரும் என்று நீங்களே கணக்குப் போடலாம். எண்ணெய் வாடை அடிக்கும் என்று பயந்து எண்ணூர் மீனைச் சந்தையில் யாரும் தொடவில்லை. படகை எண்ணிவிடலாம். கையால் இறால் தடவுபவரின் இழப்பை எதை வைத்து எண்ணுவது? ஆறு பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும், அதற்கான செலவை மாசு செய்தவர் ஏற்க வேண்டும், மறுபடி நடக்காதபடி குழாயும் கரையும் மாற வேண்டும். இந்த மூன்றும் நடந்தால்தான் அது ஈடு.

சென்னைக்குத்தான் காலநிலைச் செயல் திட்டம் இருக்கிறதே?

இருக்கிறது. 2023 ஜூனில் மாநகராட்சி வெளியிட்டது, 2050-க்குள் கார்பன் சமநிலை என்பது இலக்கு. ஆனால் நிலத்தில் என்ன கட்டலாம் என்று தீர்மானிக்கும் சட்ட வலிமை முழுமைத் திட்டத்துக்குத்தான் உண்டு. முதல் திட்டம் 1976-இல் வந்தது, இரண்டாவது 2008-இல். மூன்றாவது திட்டம் 2046 வரை நகரத்தின் தலையெழுத்தை எழுதப்போகிறது. காலநிலைத் திட்டத்தில் சதுப்பு நிலம் காக்கப்பட வேண்டும் என்று எழுதிவிட்டு, முழுமைத் திட்டத்தில் அதே சதுப்புக்குத் தொழிற்சாலை வண்ணம் பூசினால் ஜெயிப்பது வண்ணம்தான்.

அதனால் மூன்றாவது திட்டத்தில் எனக்கு முக்கியமாகப் படுபவை இவை: எண்ணூர்க் கழிமுகத்தை முழுமையாகச் சதுப்பு நிலமாகக் குறிப்பது; வடசென்னை இனி தாங்கக்கூடிய மாசு எவ்வளவு என்று மொத்தமாக அளந்து, அதற்கு மேல் அதிகம் மாசு செய்யும் 'சிவப்பு வகை'த் தொழிலுக்கு இடமில்லை என்று எழுதிவைப்பது; மீனவர் வலை காயப்போடும் இடம், படகு நிறுத்தும் இடம், இறால் பிடிக்கும் பாடு எல்லாவற்றையும் வரைபடத்தில் ஏற்றுவது. கடைசியாகச் சொன்னது புதுக் கோரிக்கையே இல்லை. கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை மீனவ ஊர்களையும் அவர்களுடைய பொது இடங்களையும் நீண்டகால வீட்டுத் தேவையையும் குறிக்கச் சொல்கிறது. அவை விடுபட்ட வரைபடங்களைத்தான் மீனவர்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் எதிர்க்கிறார்கள்.

காலநிலைப் பாதிப்பிலிருந்து காக்கப்படுவது நம் உரிமையா?

ஆம். 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், கானமயில் பறவை தொடர்பான ஒரு வழக்கில், காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து விடுபட்டு வாழும் உரிமை அரசமைப்பின் 14, 21 ஆகிய பிரிவுகளில் அடங்கியது என்று சொன்னது. 14 சமத்துவம், 21 உயிர் வாழும் உரிமை. சமத்துவத்தையும் சேர்த்துச் சொன்னது சூழல் நீதிக்கு மிக முக்கியம்.

எங்கள் ஊருக்கு ஒரு திட்டம் வருகிறது. கருத்துக் கேட்புக் கூட்டத்தில் நாங்கள் என்ன செய்ய முடியும்?

2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பு ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் அறிவிப்பு வர வேண்டும். திட்டத்தின் சுருக்கம் தமிழில் ஆட்சியர் அலுவலகத்திலும் உள்ளாட்சி அலுவலகத்திலும் கிடைக்க வேண்டும். போய் வாங்குங்கள். சுருக்கத்தோடு நிற்காமல் முழு அறிக்கையையும் கேளுங்கள். பெரிதாக இருக்கும், பயப்பட வேண்டாம். ஊரில் நாலு பேர் பிரித்துக்கொண்டு படிக்கலாம்.

படிக்கும்போது உங்கள் ஊருக்குத் தெரிந்ததைத் தேடுங்கள். அறிக்கையில் இந்தக் குளம் இருக்கிறதா? ஓடையின் பெயர் சரியா? மீன்பிடிக்கும் இடம் 'தரிசு' என்று போட்டிருக்கிறார்களா? பல அறிக்கைகள் சறுக்குவது இங்கேதான். அப்புறம், 2015, 2023 வெள்ளத்தில் தண்ணீர் எந்த உயரம் வரை வந்தது என்பதைப் படத்தோடும் தேதியோடும் கொடுங்கள். அக்கம்பக்கத்து ஆலைகளின் மாசைச் சேர்த்துக் கணக்கிட்டார்களா என்று கேளுங்கள்.

கூட்டத்தில் பேசுவதோடு எழுத்தாகவும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். கூட்டம் முழுக்க வீடியோ எடுக்கப்பட வேண்டும், முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். வாசிக்கும் வரை கலைந்து போகாதீர்கள். பெண்களைப் பேசவிடுங்கள். தண்ணீர் எப்போது நிறம் மாறியது, பிள்ளைக்கு எப்போது இருமல் வந்தது என்பது பெரும்பாலும் அவர்களுக்குத்தான் துல்லியமாகத் தெரியும்.

2020-இல் வந்த வரைவு அறிவிக்கை அந்த 30 நாளை 20 நாளாகக் குறைக்கப் பார்த்தது. நாடு முழுவதும் எழுந்த எதிர்ப்பில் தமிழ்நாட்டின் பங்கு பெரியது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 6,111 ஏக்கருக்கு விரிவாக்கும் திட்டத்துக்கு 2023 செப்டம்பரில் நடக்கவிருந்த கூட்டமும் எதிர்ப்புக்கு நடுவில் தள்ளிவைக்கப்பட்டது. மக்கள் பேச்சுக்குப் பலம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அனுமதி கொடுத்துவிட்டார்கள். இனி ஒன்றும் செய்ய முடியாதா?

முடியும், ஆனால் நாள் முக்கியம். சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயத்தில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை ஏற்பார்கள். அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது. மாசு பற்றிய பொது வழக்குக்கு ஆறு மாதம், இழப்பீடும் சூழல் மீட்பும் கேட்டுப் போட ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு. தென் மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடவும் சட்டம் இடம் தருகிறது. அனுமதிக் கடிதத்தின் நகலைக் கையில் வாங்கிய அன்றே நிபந்தனைகள் பக்கத்தைப் படியுங்கள். சாம்பலை எப்படிக் கையாள வேண்டும், எந்தத் தண்ணீரை எங்கே விடக் கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆலை ஓடத் தொடங்கிய பிறகு, அந்த நிபந்தனைகள் மீறப்படும் ஒவ்வொரு முறையும் தேதியும் இடமும் போட்டுப் படம் எடுத்து வையுங்கள். வழக்கில் நிற்கப்போவது அந்தப் படங்கள்தான்.